கியர் எப்போது விழவில்லை?

“கியர் விழ மாட்டேங்குது.” கார் பட்டறைகளில் அன்றாடம் கேட்கும் இந்த ஒரே புகாருக்குப் பின்னால் அரை டஜன் வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்க முடியும். கிளட்ச் கேபிள் நீண்டிருக்கலாம். ஹைட்ராலிக் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். கிளட்ச் பிளேட் வளைந்திருக்கலாம். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பித்தளை வளையம் தேய்ந்திருக்கலாம். ஊற்றிய ஆயில் தவறானதாக இருக்கலாம். பெடலுக்கு அடியில் மேட் சுருண்டு கிடந்தாலும் இதே தொல்லைதான். மேட்டை இழுத்துவிடச் செலவே இல்லை. கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் செட் மாற்றி, திரும்ப ஏற்றுவதென்றால் சின்னக் காருக்கே பல ஆயிரம் ரூபாய் கரையும்.

அதனால் இறக்குவதற்கு முன்பே நோயைக் கண்டுபிடித்துவிட வேண்டும். பெரும்பாலும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு ‘என்ன ஆகிறது’ என்று கேட்டால் போதாது, ‘எப்போது ஆகிறது’ என்று கேட்க வேண்டும். இன்ஜின் ஓடும்போதா, நின்றிருக்கும்போதா? காலைக் குளிரிலா, நெரிசலில் அரைமணி நேரம் ஊர்ந்த பிறகா? எல்லா கியரிலுமா, ஒன்றில் மட்டுமா? போடும்போதா, எடுக்கும்போதா? இந்த விடைகள் ஒவ்வொன்றும் ஒரு பாகத்தைக் குற்றவாளிப் பட்டியலில் இருந்து விடுவிக்கும்.

மேட்டுப்பாளையம் மாதிரி மலையடிவார ஊர்ப் பட்டறைகளில், குன்னூர் ஏறப்போகும் வண்டிகளும் இறங்கி வந்த வண்டிகளும் வரிசையாக நிற்கும். அங்கே காதில் விழும் பேச்சு இப்படி இருக்கும்.

“வண்டி என்ன பண்ணுதுங்க?”

“கியர் விழ மாட்டேங்குதுங்ணா.”

“எந்த கியருங்க?”

“முதல் கியர், ரிவர்ஸ். சிக்னல்ல நின்னா மல்லுக்கட்ட வேண்டியிருக்குதுங்ணா.”

“இன்ஜின ஆஃப் பண்ணிட்டுப் போட்டுப் பாத்தீங்களா?”

“அப்ப சுலபமா விழுந்துடுது.”

“கிளட்ச்ச ரெண்டு மூணு தடவ அடிச்சுட்டுப் போட்டா?”

கொஞ்சம் யோசனை. “ஆமாங்ணா, அப்பவும் விழுதுங்க.”

மெக்கானிக் கியர் ராடைத் தொடவே மாட்டார். பானெட்டைத் திறந்து ஆயில் கப்பை எட்டிப் பார்ப்பார். நான்கு கேள்விகளில் கியர்பாக்ஸ் நிரபராதி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அது எப்படித் தெரிந்தது என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்லப்போகிறது.

முதலில், கிளட்ச் எதற்கு? கார் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 சுற்றுக்குக் கீழே போனால் திணறி நின்றுவிடும். சக்கரமோ பூஜ்யத்திலிருந்துதான் சுழலத் தொடங்க வேண்டும். சுழல்கின்ற ஒன்றையும் நிற்கின்ற ஒன்றையும் உடைக்காமல் இணைக்க வேண்டுமென்றால், கொஞ்ச நேரம் வழுக்கவிட்டு, பிறகு இறுகப் பிடிக்கிற ஏற்பாடு தேவை. இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான ஃபிளைவீல் ஒரு பக்கம். அதோடு போல்ட் போட்டு இணைத்த பிரஷர் பிளேட் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே, கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டில் முன்னும் பின்னும் நகரக்கூடியபடி கிளட்ச் பிளேட். பெடலில் கால் இல்லாதபோது ஒரு ஸ்பிரிங் பிரஷர் பிளேட்டை அழுத்தி, கிளட்ச் பிளேட்டை ஃபிளைவீலோடு நெருக்கிப் பிடிக்கிறது.

அந்த அழுத்தம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் கிளட்ச்சின் மீது மரியாதையே வந்துவிடும். நம் சாலைகளில் ஓடும் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் ஒன்று அதிகபட்சம் 115 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்குவிசை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிளட்ச் லைனிங்கின் சராசரி ஆரம் 75 மில்லிமீட்டர், உராய்வு எண் 0.35, உராயும் பக்கங்கள் இரண்டு. வழுக்காமல் பிடிக்கக் குறைந்தது 2,200 நியூட்டன் தேவை. ஆயில் பட்டாலும் சூடேறினாலும் தாங்க வேண்டும் என்பதற்காக ஒன்றரை மடங்கு வைப்பார்கள். அது 3,300 நியூட்டன், அதாவது 330 கிலோவுக்கும் கூடுதலான பாரம். அந்த இறுக்கத்தை நாம் இடது காலால் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை விடுவிக்கிறோம்.

இதைச் சாத்தியமாக்குவது டயஃப்ரம் ஸ்பிரிங். தட்டையான கூம்பு வடிவில் இருக்கும் எஃகுத் தகடு அது, நடுவை நோக்கி விரல்கள் வெட்டப்பட்டிருக்கும். கூம்புத் தகட்டை ஸ்பிரிங்காகப் பயன்படுத்தும் யோசனைக்கு பிரான்ஸின் ஜூலியன் பெல்வில் 1867-லேயே காப்புரிமை பெற்றார். 1936-ல் ஆல்மன், லாஸ்லோ என்ற இரு பொறியாளர்கள் அதன் விசையைக் கணக்கிடும் சூத்திரத்தை வெளியிட்டார்கள். சாதாரண சுருள் ஸ்பிரிங்கை அழுத்த அழுத்த எதிர்ப்பு கூடிக்கொண்டே போகும். கூம்புத் தகட்டில் எதிர்ப்பு ஓர் உச்சத்தைத் தொட்டுவிட்டு, அதற்கு மேல் அழுத்தினால் குறையத் தொடங்கும். புது கிளட்ச்சில் ஸ்பிரிங் அந்த உச்சத்தைத் தாண்டிய நிலையில் பொருத்தப்பட்டிருக்கும், அதனால் பெடல் லேசாக இருக்கும். லைனிங் தேயத் தேய ஸ்பிரிங் பழைய கூம்பு வடிவத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, உச்சத்தை நெருங்குகிறது. பெடல் கனக்கிறது. “முன்ன மாதிரி இல்ல, கால் வலிக்குது” என்று சொல்பவரின் காலில் கோளாறு இல்லை. லைனிங் தேய்ந்திருக்கிறது, அல்லது கேபிள் உலர்ந்து இறுகியிருக்கிறது.

இனி, நோயறிதலுக்கே அடித்தளமான ஓர் அளவு. பெடல் 13 சென்டிமீட்டர் கீழே போகிறது என்றால், மறுமுனையில் பிரஷர் பிளேட் பின்வாங்குவது ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதிலும் ஒரு பகுதியை, மெதுவாகப் பிடிப்பதற்காக லைனிங்குகளுக்கு நடுவே வைத்திருக்கும் அலைத் தகடு விரிந்து எடுத்துக்கொள்ளும். மிஞ்சுகின்ற சொற்ப இடைவெளியில்தான் கிளட்ச் பிளேட் இரு பக்கமும் ஒட்டாமல் நிற்க வேண்டும். பெடலின் அசைவில் இரண்டு சென்டிமீட்டர் எங்காவது வீணானால், பிளேட்டுக்கு ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் போய்விடும். சுருண்ட மேட், நீண்ட கேபிள், குழாயில் புகுந்த காற்றுக் குமிழி, தேய்ந்த பெடல் புஷ் என எது இந்த இரண்டு சென்டிமீட்டரைத் தின்றாலும் விளைவு ஒன்றே. பெடல் தரையைத் தொட்டிருக்கும், பிளேட் முழுதாக விடுபட்டிருக்காது. இன்ஜின் இன்புட் ஷாஃப்டை லேசாகச் சுழற்றிக்கொண்டே இருக்கும். இதை மெக்கானிக்குகள் கிளட்ச் ‘டிராக்’ ஆகிறது என்பார்கள்.

டிராக் ஆகும் கிளட்ச்சைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த சோதனை ரிவர்ஸ் கியர். முன்னோக்கிய கியர்களில் வேகத்தைச் சமன்செய்யும் வளையங்கள் உண்டு. பல கார்களில் ரிவர்ஸுக்கு அது கிடையாது. அதனால் ரிவர்ஸ் எதையும் மறைக்காது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். நியூட்ரலில் கிளட்ச்சை முழுக்க மிதித்து ஐந்தாறு வினாடி காத்திருங்கள். கிளட்ச் சரியாக விடுபட்டிருந்தால், சுழன்றுகொண்டிருந்த ஷாஃப்ட் கியர் ஆயிலின் இழுவையில் அதற்குள் நின்றிருக்கும். இப்போது ரிவர்ஸ் போட்டால் சத்தம் வரக் கூடாது. ‘கர்ர்ர்’ என்று பற்கள் கத்தினால் ஷாஃப்ட் இன்னும் சுழல்கிறது, யாரோ அதைச் சுழற்றுகிறார்கள். இன்ஜினைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை. மிதித்த மறுகணமே ரிவர்ஸ் போட்டுச் சத்தம் வந்தால் அது கோளாறு அல்ல, வெறும் அவசரம். ரிவர்ஸுக்கும் சமன்செய்யும் வளையம் உள்ள புதிய கார்களில் இந்தச் சோதனை பேசாது.

இன்ஜினை நிறுத்திவிட்டு கியர் போட்டுப் பார்க்கும் சோதனை இன்னும் எளிது. நிறுத்தியபோது எல்லா கியரும் சுகமாக விழுந்து, ஓடும்போது மட்டும் இறுகினால் குற்றம் கிளட்ச் பக்கம். இரண்டு நிலையிலும் இறுகினால் கியர் ராடிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிள், இணைப்புக் கம்பி, புஷ், அல்லது கியர்பாக்ஸின் உள்ளே. ஓர் எச்சரிக்கை: நின்ற வண்டியில் பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு ஒரு கியர் விழாமல் போவது சகஜம். கிளட்ச்சை ஒருமுறை விட்டு மிதித்தோ, வண்டியை ஓரிரு விரல் தூரம் நகர்த்தியோ மறுபடி போட்டுப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

பலரும் கவனிக்காத இன்னொரு தடயம், கியரை எடுக்கும்போது கிடைப்பது. கிளட்ச் விடுபடாவிட்டால் இன்ஜினின் விசை கியர் பற்களை அழுத்திப் பிடித்திருக்கும். போட்ட கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவருவதே போராட்டமாகிவிடும். பித்தளை வளையம் எவ்வளவு தேய்ந்தாலும் அது கியரை எடுப்பதைத் தடுக்காது. ஆகவே போடுவதும் கடினம், எடுப்பதும் கடினம் என்றால் என் சந்தேகம் நேராக கிளட்ச் மீதுதான் விழும்.

பெடலை இரண்டு மூன்று முறை அடித்தால் கியர் விழுகிறதா? அப்படியென்றால் ஹைட்ராலிக்கில் காற்று இருக்கிறது, அல்லது சீல் கசிகிறது. மேட்டுப்பாளையத்து மெக்கானிக் ஆயில் கப்பைப் பார்த்தது இதற்காகத்தான். பல கார்களில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே கப். கிளட்ச்சுக்குப் போகும் குழாய் கப்பின் பக்கவாட்டில் கொஞ்சம் உயரத்தில் இருக்கும். கிளட்ச் எவ்வளவு கசிந்தாலும் பிரேக்குக்கான ஆயில் அடியில் மிஞ்ச வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. எண்ணிப் பார்த்தால் எவ்வளவு பொறுப்பான வடிவமைப்பு! ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு: பிரேக்கில் கசிவு இருந்தாலும் முதலில் உதைப்பது கிளட்ச்சாக இருக்கலாம். எனவே ஆயிலை மட்டும் நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. எங்கே போனது என்று தேட வேண்டும். டேஷ்போர்டுக்கு அடியில் பெடல் கம்பி நுழையும் இடம் ஈரமாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டர். கியர்பாக்ஸ் ஓரத்தில் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கினால் ஈரம் தெரிகிறதென்றால் அதுதான். நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

இந்த பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் உறிஞ்சிய நிலையில் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. காலையில் ஒழுங்காக விழுந்த கியர், மதிய நெரிசலில் இன்ஜின் பகுதி முழுக்கச் சூடான பிறகு மக்கர் செய்தால் பழைய ஆயிலையும் சந்தேகப்பட வேண்டும். நேர்மாறாக, காலையில் இரண்டாவது கியர் இறுகி, இரண்டு மூன்று கிலோமீட்டரில் சரியாகிவிட்டால் பெரும்பாலும் கியர் ஆயில் குளிரில் கெட்டியாக இருப்பதுதான் காரணம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மார்கழியில் இது சாதாரணம். அதற்காகக் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டியதில்லை.

டிராக்குக்கு நேர் எதிரான நோய் ‘ஸ்லிப்’. அங்கே கிளட்ச் விடமாட்டேன் என்கிறது, இங்கே பிடிக்கமாட்டேன் என்கிறது. மேட்டில் டாப் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஆர்பிஎம் முள் துள்ளி ஏறும், வேகமானி முள் அசையாது. ‘பிக்கப் இல்லை’ என்றும் ‘மைலேஜ் குறைந்துவிட்டது’ என்றும் வரும் புகார்களில் சில இதுவே. உறுதி செய்ய வேண்டுமானால், முன்னால் யாரும் இல்லாத இடத்தில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, நான்காவது கியரில் இன்ஜினை 2,000 சுற்று வரை ஏற்றி, கிளட்ச்சை விடுங்கள். நல்ல கிளட்ச் இன்ஜினை உடனே திணறடித்து அணைத்துவிடும். இன்ஜின் அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. ஒருமுறை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் சோதனையே நோயாகிவிடும்.

ஏன் என்பதை வெப்பக் கணக்கு சொல்லும். 1,000 கிலோ எடையுள்ள காரைச் சமதரையில் நிலையிலிருந்து நகர்த்தி, 10 கிலோமீட்டர் வேகத்தில் கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் வரை அதில் உருவாகும் வெப்பம் சுமார் 4,000 ஜூல். இது பெரிய விஷயமில்லை. அதே கார், பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவில், முன்னால் நிற்கும் பஸ் நகரட்டும் என்று பிரேக்கைத் தொடாமல் ஹாஃப் கிளட்ச்சில் தொங்கிக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரிவு காரைப் பின்னால் இழுக்கும் விசை ஏறக்குறைய 980 நியூட்டன். டயரின் ஆரத்தையும் முதல் கியரின் மொத்த விகிதத்தையும் வைத்துக் கணக்கிட்டால், கிளட்ச் தாங்க வேண்டியது 20 நியூட்டன் மீட்டர். இன்ஜின் 1,500 சுற்றில் ஓடுகிறது. கார் நகரவில்லை, ஆகவே இன்ஜின் தரும் 3,100 வாட்டும் முழுக்க முழுக்க வெப்பமாகிறது. வெந்நீர் போடும் 1,500 வாட் ஹீட்டர் ராடு இரண்டைக் காற்றோட்டமில்லாத கிளட்ச் கூட்டுக்குள் செருகி வைத்ததற்கு இது சமம். பத்து வினாடியில் எட்டு முறை வண்டி எடுத்த வெப்பம் சேர்ந்துவிடுகிறது. ஒரு நிமிடம் அப்படியே நின்றால், மூன்று கிலோ எடையுள்ள பிரஷர் பிளேட் அந்த வெப்பம் முழுவதையும் வாங்கிக்கொள்வதாக வைத்தால், 130 டிகிரிக்கு மேல் சூடேறும். பாதியை ஃபிளைவீல் பகிர்ந்துகொண்டாலும், கொண்டை ஊசி வளைவுகளில் இப்படி நாலைந்து முறை நின்றுவிட்டால் லைனிங்கைப் பிணைத்திருக்கும் பிசின் கருகத் தொடங்குகிற 250, 300 டிகிரி எல்லை தூரத்தில் இல்லை. அப்போது மூக்கைத் தாக்கும் நெடியை மலைப்பாதையில் போன எல்லோரும் அறிவார்கள்.

ஒரே மாடல் கார், ஒருவரிடம் 30,000 கிலோமீட்டரில் கிளட்ச் கேட்கிறது, இன்னொருவரிடம் ஒரு லட்சத்தைத் தாண்டி ஓடுகிறது. வித்தியாசம் பெரும்பாலும் இந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது. கிளட்ச் பெடலே இல்லாத ஏஎம்டி கார்களுக்கும் இது பொருந்தும். 2014-ல் மாருதி செலேரியோ வழியாக நம் ஊரில் பரவிய அந்தத் தொழில்நுட்பத்தில், உள்ளே இருப்பது இதே உலர் கிளட்ச்தான். அதை மிதிப்பது காலுக்குப் பதிலாக ஓர் இயந்திரம். சரிவில் ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கி நிறுத்தினால் அதுவும் இதேபோல் கருகும். பிரேக்கைப் பயன்படுத்துங்கள் என்று எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

கிளட்ச் பிடிக்கும் இடமும் பேசும். பெடலைக் கிட்டத்தட்ட முழுதாக விட்ட பிறகே வண்டி நகர்கிறது என்றால் லைனிங் தேய்ந்திருக்கிறது. தரையிலிருந்து கால் எடுத்ததுமே பாய்கிறது என்றால் டிராக்கின் வாசலில் நிற்கிறது. கேபிள் வைத்த கார்களில் பெடலின் தொடக்கத்தில் ஒன்று முதல் இரண்டரை சென்டிமீட்டர் வரை வெறும் அசைவு இருக்க வேண்டும். சரியான அளவு அந்தந்தக் கார் கையேட்டில் இருக்கும். லைனிங் தேயும்போது ஸ்பிரிங் விரல்கள் ரிலீஸ் பேரிங்கை நோக்கி நகர்வதால் இந்த ஃப்ரீ பிளே தானாகவே குறைந்துகொண்டு வரும். பூஜ்யமானால், காலே வைக்காவிட்டாலும் கிளட்ச் லேசாக மிதிபட்ட நிலையில்தான் ஓடுகிறது. அந்த நிலையில் வரும் ஸ்லிப், கேபிள் நட்டைத் திருகினாலே போய்விடலாம். பிளேட்டை விலைபேசுவதற்கு முன் அந்த நட்டைத் தொட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

இனி உண்மையிலேயே கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கோளாறு. கியர் விழுவது என்றால் இரண்டு பல்சக்கரங்கள் வந்து பொருந்துவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 1890-களின் பனார்ட்-லெவசோர் கார்களில் அப்படித்தான் இருந்தது, பல்சக்கரங்களையே நகர்த்திக் கோப்பார்கள். இன்றைய பெட்டியில் முன்னோக்கிய கியர்கள் எல்லாம் எப்போதும் கோத்தபடியே சுழல்கின்றன. கியர் ராடு நகர்த்துவது ஒரு வளையத்தை மட்டும். அந்த ஸ்லீவ், வேண்டிய பல்சக்கரத்தின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பற்களோடு பூட்டிக்கொள்ளும்போது அந்த கியர் வேலைக்கு வருகிறது.

பூட்ட வேண்டுமானால் இரண்டும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். இரண்டாவது கியரின் விகிதம் 1.9, மூன்றாவதின் விகிதம் 1.3 என்று கொள்வோம். 3,000 சுற்றில் மாற்றினால் இன்புட் ஷாஃப்டின் வேகம் ஏறக்குறைய 2,050-க்கு இறங்க வேண்டும். கால் வினாடிக்குள் 950 சுற்றைக் குறைப்பது சிங்க்ரோ ரிங் என்ற பித்தளை வளையத்தின் வேலை. அது பல்சக்கரத்தின் கூம்பு முகத்தில் உரசி வேகத்தைச் சமன்செய்கிறது, சமன் ஆகும்வரை ஸ்லீவை உள்ளே விடாமல் வழிமறிக்கிறது. 1928-ல் கேடிலாக் கார்களில் சிங்க்ரோ வந்தது. அதற்கு முன்னால் இந்தச் சமன்செய்தலை ஓட்டுநரே காதால் கேட்டு, காலால் செய்தார். பழைய லாரி ஓட்டுநர்கள் டபுள் கிளட்ச் போட்டதன் பொருள் இதுதான்: நியூட்ரலில் கிளட்ச்சை ஒருமுறை விட்டு, ஆக்சிலரேட்டரைத் தட்டி, ஷாஃப்டை வேண்டிய வேகத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி மிதித்துக் கியர் போடுவது.

இந்த இடத்தில் மேலே சொன்ன எல்லாம் ஒன்றுசேர்கின்றன. சிங்க்ரோ வளையம் சமாளிக்கக்கூடியது கிளட்ச் பிளேட், இன்புட் ஷாஃப்ட் ஆகியவற்றின் சின்னச் சுழற்சியை மட்டுமே. கிளட்ச் டிராக் ஆனால் அந்தப் பித்தளை வளையம் முழு இன்ஜினோடு மல்லுக்கு நிற்க வேண்டும். வேகம் ஒருபோதும் சமன் ஆகாது, வளையம் ஸ்லீவை விடாது. ‘கியர் விழவில்லை’ என்று நாம் கியர்பாக்ஸைத் திட்டுகிறோம். உண்மையில் கியர்பாக்ஸ் தன் கடமையைச் செய்து நம்மைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. நாம் பலவந்தமாகத் தள்ளினால் வளையம் தேய்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து, கேபிள் கோளாறாகத் தொடங்கியது உண்மையான கியர்பாக்ஸ் கோளாறாக முடிகிறது.

தேய்ந்த சிங்க்ரோவை டிராக்கிலிருந்து பிரித்துக் காட்டுவது எளிது. டிராக் எல்லா கியரையும் தொந்தரவு செய்யும், சிங்க்ரோ ஒன்றிரண்டைத்தான். அதிலும் முதலில் அடிபடுவது பெரும்பாலும் இரண்டாவது கியர், அதுவும் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது. ஏற்றும்போது ஷாஃப்ட் வேகம் குறைய வேண்டும், ஆயிலின் இழுவை அதற்குத் துணைநிற்கும். இறக்கும்போது வேகம் கூட வேண்டும், அதே ஆயில் எதிர்த்து நிற்கும். வளையம் தனியாக உழைக்க வேண்டியிருப்பதால் பலவீனம் அங்கேதான் முதலில் வெளிப்படும். இரண்டாவது கியர் ‘கர்ர்’ என்கிறது, டபுள் கிளட்ச் போட்டு இறக்கினால் சத்தமே இல்லை என்றால் வளையம் தேய்ந்தது உறுதி. வளையத்தின் உட்புறத்தில் மெல்லிய திருகுக் கோடுகள் இருக்கும். ஆயில் படலத்தை வெட்டி ஒதுக்கிவிட்டு உலோகத்தைப் பிடிப்பது அவைதான். அவை மழுங்கிப் பளபளத்துவிட்டால் வளையம் ஆயில் மேல் வழுக்கிக்கொண்டிருக்கும்.

ஆயில் பற்றி ஒரு வார்த்தை. கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 கேட்கும் காரில், ‘இது அதைவிட உசத்தி’ என்று ஜிஎல்-5 ஊற்றுகிறவர்கள் உண்டு. ஜிஎல்-5 லாரி, ஜீப்களின் பின் அச்சுக்கு ஏற்ற ஆயில். அதில் கூடுதலாக உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் பித்தளைக்கு ஆகாதவையாக இருக்கலாம், வளையத்தின் பிடிப்பையும் கெடுக்கலாம். கையேட்டில் உள்ளதையே ஊற்றச் சொல்லுங்கள்.

சத்தங்களைப் பிரிக்க வண்டியை நகர்த்தக்கூட வேண்டாம். நியூட்ரலில் இன்ஜின் ஓடட்டும். காலை எடுத்தால் உறுமுகிறது, கிளட்ச்சை மிதித்தால் அடங்குகிறது என்றால் அது இன்புட் ஷாஃப்ட் பேரிங், ஏனெனில் மிதித்ததும் அந்த ஷாஃப்ட் நின்றுவிடுகிறது. மிதிக்கும்போது மட்டும் கீச்சிட்டால் ரிலீஸ் பேரிங். ஓடும்போது போட்ட கியர் தானாக நியூட்ரலுக்குத் தப்பினால் ஸ்லீவின் பற்கள், ஷிஃப்ட் ஃபோர்க், அதைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கும் குண்டும் சந்தேகத்துக்குரியவை. ஆனால் முதலில் இன்ஜின் மவுண்டைப் பாருங்கள். ரப்பர் கிழிந்த மவுண்டில் இன்ஜின் ஆடும்போது கியர் கேபிளும் சேர்ந்து இழுபடும். வண்டி எடுக்கும்போது அதிர்ந்து குதிப்பதற்கும் இதே மவுண்ட் காரணமாக இருக்கக்கூடும்.

நாட்கணக்கில் நின்ற வண்டிக்குத் தனிக் கதை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்களைப் போல நீரில் நின்றவற்றிலும், மழைக்காலம் முழுக்க ஓடாமல் கிடந்தவற்றிலும், ஃபிளைவீலின் துரு லைனிங்கைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். கிளட்ச்சை மிதித்தாலும் பிளேட் பிரியாது. நிறுத்திவைக்கும் வரை சரியாக இருந்த பெடல், கனமும் மாறவில்லை, ஆனால் ஒரு கியரும் விழவில்லை என்றால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு கியர்பாக்ஸ் இறங்கத்தான் வேண்டும் என்று முடிவானால், இறக்கிய நேரத்தில் பக்கத்தில் நில்லுங்கள். கழற்றிய பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். ரிவெட் தலைக்கு மேல் லைனிங் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டதென்றால் அதன் ஆயுள் முடிந்தது. முகம் கண்ணாடி போல் மின்னினால் வெந்து இறுகியிருக்கிறது. ஃபிளைவீலில் நீலத் திட்டுகள் இருந்தால் அந்த இடங்கள் மட்டும் அதிகச் சூட்டில் கடினமாகியிருக்கின்றன, புதுப் பிளேட்டிலும் அதிர்வு தொடரும். லைனிங்கில் ஆயில் ஈரம் தெரிந்தால் முகர்ந்து பாருங்கள். கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில், இன்புட் ஷாஃப்ட் சீல் கசிகிறது. கறுத்து, கருகிய வாசனையோடு இருந்தால் இன்ஜின் ஆயில், கிராங்க் ஷாஃப்டின் பின் சீல் போயிருக்கிறது. அந்த சீலை மாற்றாமல் புதுப் பிளேட் போட்டால் இதே செலவு மறுபடி வரும். நடுத்துளையின் பள்ளங்களில் துருவோ படிக்கட்டு போன்ற தேய்மானமோ இருந்தால், பிளேட் ஷாஃப்டில் நகராமல் சிக்கியதே டிராக்குக்குக் காரணம்.

கூட்டுக்குள் படிந்திருக்கும் கறுப்புத் தூளைக் காற்றுக்குழாயால் ஊதவிடாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு புற்றுநோயாகக்கூட வெளிப்படும். அந்தத் தூளை நாள்தோறும் சுவாசிப்பவர்கள் அந்தப் பட்டறைப் பையன்கள். ஈரத் துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள். புது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பூட்டி முடித்ததும், பணம் கொடுப்பதற்கு முன், ஐந்து வினாடி காத்திருந்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள்.